வாய்க்கால் குடித்த தண்ணீர்

அக்கா,

இன்று காலை நம் தோட்டத்தில் சொல்யூசன் டப்பாவைத் திறந்தார்கள். பைப்போடு பைப்பை ஒட்டுகிற அந்தப் பசைதான். மூடியைத் திருகியதும் ஒரு நெடி மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அது. சொட்டுநீர் போட வந்த ஆட்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நெடி பட்டதும், நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன சாமி, மூட்டப்பூச்சியக் காச்சுன மாதிரி நாறுது" என்று சொன்னது காதில் விழுந்தது.

போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இருக்கிறவர்களுக்கே எழுதியதில்லை. ஆனால் இன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் சோறு இறங்காது போலிருக்கிறது. சொல்வதென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். வயதில் நீங்கள் ஒரு வருடம் மூப்பு, பிடிவாதத்தில் பத்து வருடம் மூப்பு. எனக்கும் அதில் குறைவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். மாமனார் நிலத்தைப் பிரித்தபோது கிணற்றை ஒட்டிய பாதி மூத்தவருக்கு, கடைசிப் பாதி இளையவருக்கு என்று வைத்தார். கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் உங்கள் முறை, மறுநாள் என் முறை. நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒரு லாரியைக் கூட்டாக வாங்கிக்கொண்டு மாறி மாறி ஓட்டினார்கள். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ராசிபுரத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே அப்போது பாதி வீடுகள் அப்படித்தான். லாரி ஆண்கள் கையில், தோட்டம் பெண்கள் கையில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றிய அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு பேரும் பருத்தி போட்டிருந்தோம். கிணற்றில் ஊற்று மெலிந்துவிட்டது. காலையில் மோட்டாரைப் போட்டால் மதியத்துக்குள் அடிப்பாறை தெரியும். பிறகு ராத்திரி முழுக்க ஊறி விடியும்போது மறுபடி ஏறும். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல் படி ஒன்று கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் நமக்கு அளவு. தண்ணீர் அந்தப் படியைத் தொட்டிருந்தால் ஒரு முறைக்குச் சரி. எட்டிப் பார்த்து, படி நனைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் இருவரும் மோட்டாரைப் போடுவோம். உங்கள் நாளிலும் அதே படி, என் நாளிலும் அதே படி. அதனால் இருவருக்கும் தண்ணீர் சமம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

சண்டை, அந்தத் தண்ணீரை எப்படிப் பாய்ச்சுவது என்பதில்தான். நீங்கள் பாத்திக் கட்சி. சமமாகச் சதுரம் சதுரமாகக் கட்டி, தண்ணீர் கணுக்கால் வரை நின்று உள்ளே இறங்க வேண்டும் உங்களுக்கு. "தண்ணி நின்னாத்தான் செடிக்கு வவுறு நெறையும்" என்பீர்கள். நான் பார் கட்சி, நீள நீளமாக மண்மேடு பிடித்து அதில் நடுகிற கட்சி. ரேடியோவில் உழவர்களுக்காகப் பேசியவர் ஒருவர், பருத்தியைப் பாரில் நட்டு, பாருக்கு நடுவே ஓடுகிற சாலில் தண்ணீர் விடலாம், அதிலும் ஒரு சாலுக்கு விட்டு அடுத்த சாலைக் காய விடலாம், மறுமுறை அதை மாற்றிக்கொள்ளலாம் என்றார். வேர் ஒரு பக்கம் குடித்தால் போதும், நனையாத மண்ணில் களையும் வராது, வெயிலுக்கு வீணாவதும் குறையும் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆள் வைத்துப் பார் பிடித்து, ஒரு சால் விட்டு ஒரு சாலுக்கு மண் அணைத்து மூடினேன்.

நடந்தது என்ன? பாத்தியில் தண்ணீரைத் தேக்கிப் பாய்ச்சிய நீங்கள் ஒரே முறையில் உங்கள் பருத்தி முழுவதையும் முடித்து, மிச்சத்தைக் கத்தரிக்கும் விட்டுக்கொண்டீர்கள். பாதி சாலுக்கு மட்டும் பாய்ச்சிய சிக்கனக்காரி நான், பாதித் தோட்டத்தைத் தாண்டவில்லை. பூ எடுக்கிற நேரத்தில் என் கடைக்கோடிச் செடிகள் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ஊர்க்காரர்கள் என் தோட்டத்துக்கு ரேடியோக் காடு என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏனுங்க, இன்னைக்கு ரேடியோவுல மழை வருதுங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் சிரித்தீர்கள், நான் பார்த்தேன்.

சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்து வாடிய செடிகளைப் பார்த்தார். கோபமே படாமல், "நமக்குன்னு தனியா ஒரு போர் போட்டுக்கலாம். திருச்செங்கோட்டுல ரிக்குக்காரங்கிட்டப் பேசிட்டேன். அடுத்த நடை போயிட்டு வந்ததும் கூட்டியாந்தர்றேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சொன்னது முடிவு. கிணற்றுக்குப் பக்கத்திலே ஆழ்துளையாக ஒரு போர் இறங்கினால் கிணற்றின் ஊற்று என்னவாகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேற்குத் தோட்டத்துப் பங்காளிகள் அப்படித்தான் பிரிந்தார்கள். ஒருவர் போர் போட, இன்னொருவர் கிணறு காய்ந்து, கடைசியில் எழவு வீட்டில்கூட முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நடை லாரி திரும்புவதற்குள் என் தோட்டத்துக்கு முறைத் தண்ணீர் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பொதுக் கிணறு போயிற்று, அதோடு நம் உறவும் போயிற்று.

நான் அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"உனக்கு மம்முட்டி புடிக்கத் தெரியில. அதாஞ் சேதி" என்றீர்கள்.

"அப்பிடிங்களா? அப்ப நாளைக்கு என்ற மொறைல நீங்க வந்து தண்ணி கட்டிக் காட்டுங்க்கா. நான் மோட்டாரு ரூம்புல உக்காந்துக்கறேன்."

"வாரேன். அதையும் பாத்தர்லாம்."

மறுநாள் காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உங்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி என் தோட்டத்துக்கு நடந்தீர்கள். நான் படியை எட்டிப் பார்த்தேன். நனைந்திருந்தது. மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் திரண்டு விழுந்து வாய்க்காலில் இறங்கி ஓடியது. நீங்கள் கடைக்கோடியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள்.

நின்றீர்கள், நின்றீர்கள், நின்றுகொண்டே இருந்தீர்கள்.

"ஏம்புள்ள, மோட்டாரப் போட்டியா இல்லியா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"போட்டாச்சுங்க்கா."

"கரண்டு இருக்குதா?"

"ஓடுதுங்க்கா. சத்தம் கேக்கிலிங்களா?"

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னை நம்பாமல், தண்ணீர் எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க வாய்க்கால் ஓரமாகவே கிணற்றை நோக்கி வர ஆரம்பித்தீர்கள். நான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் கொஞ்சம் கொண்டாட்டமாகக்கூட இருந்தது. வரப்பில் இருந்த எலி வளையில் தண்ணீர் இறங்குவதைக் கண்டு காலால் மண்ணைத் தள்ளி மிதித்தீர்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொரு வளை. பிறகு உங்கள் தென்னை வரிசைக்கு வந்தீர்கள். அங்கே நின்றுவிட்டீர்கள்.

அந்தத் தென்னைகளை நீங்கள் கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து நட்டீர்கள். உங்கள் நிலத்தின் எல்லையை ஒட்டி, வாய்க்கால் கரையிலே. அந்தப் பஞ்சத்திலும் ஊரே பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி குலை தள்ளி நின்றன. என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் கைராசி என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்துக்கு மடை திறப்பது கிணற்றுக்குப் பக்கத்திலேயே. உங்கள் முறையில் தண்ணீர் அந்த மடையோடு திரும்பிவிடும். தென்னை நிற்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது என் முறையில் மட்டும்தான்.

நீங்கள் ஒரு மரத்தின் அடியில் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தீர்கள். வாய்க்காலைப் பார்த்தீர்கள். அடுத்த மரத்தடியில் குனிந்தீர்கள். நான் எழுந்து பக்கத்தில் வந்தேன். கையில் இருந்த ஈர மண்ணை எனக்குக் காட்டினீர்கள்.

"இதுங்களுக்கு நான் ஒரு கொடம் தண்ணி ஊத்துனதில்லையே சாமி" என்றீர்கள்.

திரும்பி என் தோட்டத்துக்கே போய், மெலிதாக வந்து சேர்ந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை கட்டிவிட்டு, பாதித் தோட்டத்தைத் தாண்டாமலே திரும்பி வந்தீர்கள். மறுநாள் உங்கள் முறையில் நான் உங்கள் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினேன். மடையைத் திறந்ததும் வந்த வேகத்தில் முதல் பாத்தியின் வரப்பே உடைந்துபோயிற்று. அவ்வளவு தண்ணீரை ஒரே நேரத்தில் நான் கையாண்டதே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக நாம் பாத்தியையும் பாரையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும்தான் ஒப்பிட்டிருந்தோம். அளவைக் கிணற்றுப் படியில் பார்த்தோமே தவிர, செடியின் காலடியில் யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் இதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். நானும் உங்கள் தென்னையும்தான் சாட்சி, தென்னை பேசாது. ஆண்கள் வந்த அன்று சாப்பாட்டுக்கு எல்லோரையும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். என் வீட்டுக்காரர் ரிக் பேச்சை எடுத்ததும், குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டே சொன்னீர்கள்.

"கொழுந்தனாரே, ரிக்கு வேண்டாமுங்க. உங்க தண்ணிய இத்தன வருசமா என்ற தென்னைதான் குடிச்சுது."

உங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாகம் பிரிச்சது எங்கப்பன். மொறை சமந்தானே?" என்றார்.

"மொறை சமந்தானுங்க. மாமனாரு தண்ணியக் கெணத்துல அளந்து குடுத்தாரு. செடி கெணத்துலயா நிக்குது?"

என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "அப்ப எங்க மொறைல கொஞ்ச நேரம் சேத்திக் குடுத்துருங்க, அண்ணி" என்றார். நான்கூட அதுதான் நியாயம் என்று நினைத்தேன். நீங்கள்தான் தலையை ஆட்டினீர்கள்.

"நேரத்தக் குடுத்தா அதையும் வாய்க்காத்தானுங்க குடிக்கும். பைப்பு போடுங்க. என்ற எல்லையோரமாவே போவட்டும்."

அதற்கடுத்த நடை வடக்கிலிருந்து திரும்பும்போது லாரியில் பைப் வந்து இறங்கியது. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, தட்டினால் டொக் என்று. பள்ளம் வெட்டி, சொல்யூசன் தடவி, பைப்பின் வாயில் பைப்பைச் செருகிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீங்கள் மூட்டைப்பூச்சியைச் சொன்னீர்கள். பருத்திக் கடைசிக்குத்தான் அது கைகொடுத்தது, ஆனாலும் கொடுத்தது. வாடி நின்ற கோடிச் செடிகள் பிழைத்தன. ரிக் வண்டி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நாம் உண்மையாகவே ஒப்பிட்டோம். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே படித் தண்ணீர், வழியில் சொட்டு இழப்பில்லாமல். அடுத்த பருத்தியில் என் பார் முழுக்க ஒரு முறையில் நனைந்து, மிச்சத் தண்ணீர் கடலைக்கும் போயிற்று. உங்கள் பாத்தி எப்போதும் போலக் கத்தரி வரைதான். காய் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் வெடித்தது. மல்லசமுத்திரத்தில் பருத்தியை ஏலத்துக்குப் போட்டபோது தரத்திலும் வித்தியாசம் சொல்லவில்லை. பாரில் தண்ணீர் மிச்சமாகிறது என்பதை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் பார்த்தால் உங்கள் தோட்டத்தில் பார் பிடித்திருந்தது.

"என்னங்க்கா, கட்சி மாறிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாத்தி கட்ட ஆள் கெடைக்கில" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாச் சாலுக்கும் தண்ணீர் விட்டீர்கள் முதலில். ஒரு சால் விட்டு ஒரு சால் என்பது ரேடியோக்காரர் சொன்னதல்லவா, அதற்கு எப்படிப் பணிவது. ஒரு நாள் வந்து பார்க்கிறேன், ஒன்று விட்டு ஒன்றாக மண்கட்டி வைத்து அடைத்திருக்கிறது. கேட்டதற்கு, தொறக்க மறந்துட்டேன் என்றீர்கள். வரிசையாக, ஒன்று தவறாமல், ஒன்று விட்டு ஒன்றாக மறந்திருந்தீர்கள்.

நியாயத்துக்கு இதையும் எழுதிவிடுகிறேன். கடலையில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பருத்தியில் பலித்த தெம்பில் நான் கடலையையும் பாரில் போட்டேன். மேல்மண் காய்ந்து இறுகி, காய் பிடிக்கிற விழுது உள்ளே இறங்க முடியாமல் தொங்கியது. உங்கள் பாத்தியில் பிடுங்கினால் கொத்துக் கொத்தாக வந்தது. அன்று நீங்கள் ஒரு செடியைப் பிடுங்கி என் வீட்டு வாசற்படியில் போட்டுவிட்டுப் போனீர்கள். பருத்தி என் சொல், கடலை உங்கள் சொல் என்று அதோடு முடிவாயிற்று. பிற்பாடு எந்த முறை சிறந்தது என்று என்னிடம் யார் கேட்டாலும், என்ன பயிர், என்ன மண், தண்ணீர் எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். படித்த ஆபீசர்களிடமும் கேட்டிருக்கிறேன். சிலர் பதில் சொன்னார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பைப் போட்டதில் தோற்றது உங்கள் தென்னைதான். வாய்க்கால் தூர்ந்தது. முதல் கோடையிலேயே குரும்பை உதிர்ந்தது. பைப் அந்த மரங்களின் காலடியிலேதான் மண்ணுக்குள் போயிற்று. ஒரு சின்ன வால்வு வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று நான் எத்தனை முறை சொன்னேன்.

"அதுல போறது உன்ற மொறைத் தண்ணி. அதுல கை வெக்க மாட்டேன்" என்றீர்கள்.

"நானே குடுக்கறேனுங்க்கா."

"இன்னைக்கு நீ குடுப்ப. நாளைக்கு நம்ம புள்ளைங்க காலத்துல அது சண்டையாவும். வேண்டாஞ் சாமி."

உங்கள் முறையன்று உங்கள் தோட்டத்து மடையில் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்து, மேட்டில் ஏறி அந்த மரங்களுக்கு ஊற்றினீர்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரம் வரும். ஒவ்வொரு மரமாகக் கொண்டை சாய்ந்தது. வெட்டிய மரத்தை விட்டம் போடக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்கள். அப்போதும் வால்வு வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் போகும்போது கிணற்றுக்கு அருகில் இருந்த மரம் மட்டும்தான் மிச்சம். அது இன்னும் நிற்கிறது, உயரமாக, காய்ப்பு இல்லாமல்.

கிணறு இன்றும் பொதுதான். உங்கள் மகனும் என் மகனும் சேர்ந்து ஆழப்படுத்தினார்கள், இப்போது சேர்ந்து சொட்டுநீர் போடுகிறார்கள். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வால்வைத் திறப்பதால் முறை என்ற பேச்சே கிடையாது. பழைய பைப் வழியில் கிடக்கிறது என்று சாயங்காலம் அதைத் தோண்டி எடுத்தார்கள். உங்கள் தென்னை வரிசை இருந்த இடத்துத் துண்டுகளை மட்டும் ஒருபக்கமாகப் போடச் சொன்னேன். ஆட்கள் போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்தேன். மரங்கள் செத்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில், யாரும் பார்க்காத ஒரு மத்தியானம், ஆணியைக் காய்ச்சி ஒரு சின்ன ஓட்டையாவது போட்டிருப்பீர்கள் என்று எனக்கு இத்தனை வருடமாக உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. நினைப்பு என்ன, ஆசை. சந்தேகத்தில் தேடவில்லை அக்கா. இருக்க வேண்டும் என்று தேடினேன்.

விரலால் முழு நீளமும் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அடைத்த அடையாளமும் இல்லை. நாம் பிடித்து ஒட்டிய இடத்தில் வழிந்து காய்ந்த பசை மட்டும் இருந்தது.

ஒரு ஓட்டை போட்டிருக்கக் கூடாதா நீங்கள். எனக்கு அழுகையாக வந்தது. கோபமாகவும் வந்தது, உங்கள்மேல்தான்.

நாளைக்கு அந்த ஒற்றைத் தென்னைக்கு ஒரு சொட்டுக் குழாய் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். காய்க்காத மரத்துக்கு எதற்கு என்று சொட்டுநீர்க்காரர் கேட்டார். அந்தத் தண்ணீரை என் முறையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும், நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை.